சுயாதீன இசையும் வானொலியும்: 10 உவாற்று நிலையத்திலிருந்து வலையொலி வரை

இசை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இசையை ஆக்கியோரின் வரலாற்றையே எழுதுகின்றனர். ஆக்கப்பெற்ற இசை எவ்வழியாகக் கேட்போனைச் சென்றடைந்தது, அவ்வழியில் துணைநின்றோர் எவர், தடையாய் அமைந்தவை எவை என்னும் வினாக்கள் அத்தகைய நூல்களில் அடிக்குறிப்புகளாகவே ஒதுங்கிவிடுகின்றன. ஆயினும், கேட்கப்படாத பாட்டு சமூகத்தைப் பொறுத்தமட்டில் பாடப்படாத பாட்டேயாகும். எனவே, ஒரு பாட்டு கேட்போனைச் சென்றடையும் வழியின் வரலாறும் இசை வரலாற்றின் இன்றியமையாத பகுதி என்பதில் ஐயமில்லை.

இவ்வழியின் இயல்பை விளங்கிக்கொள்ள எமது நாட்டு வானொலியின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1952 ஆம் ஆண்டிலே இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் மக்களின் இசையுணர்வைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இருந்த இடத்தைக் குறைத்தார். அதன் விளைவாக நேயர்கள் இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவையை நாடினர். அதே ஆண்டின் இறுதியில் அச்சேவையில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியும் அதன் அறிவிப்பாளர் அமீன் சயானியின் குரலும் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் புகழ்பெற்றன. 1957 இல் 'விவித பாரதி' சேவையைத் தொடங்கி இழந்த நேயர்களை மீட்க அகில இந்திய வானொலி முயல வேண்டியதாயிற்று. டில்லியில் விதிக்கப்பட்ட தடையொன்று கொழும்பிலே ஒரு புதிய வழியைத் திறந்தது. அவ்வழியில் பாட்டை நேயரிடம் கொண்டுசேர்த்தது நேயர் நம்பிய ஒரு மனிதக் குரல்.

தடை, அதனாற் பிறந்த புதுவழி, அவ்வழியில் நின்ற நம்பிக்கைக்குரிய குரல் என்னும் இம்மூன்றும் வேறொரு களத்திலும் திரும்பத் திரும்ப இணைந்து வந்துள்ளன. அக்களம் சுயாதீன இசை எனப்படுவதாகும். பெரிய நிறுவனங்களின் துணையின்றி வெளிவரும் இசையை இன்றைய இளைஞர் பலர் வானொலி நிலையங்களின் வலையொலிகள் வாயிலாகவும் கலைஞருடனான செவ்விகள் வாயிலாகவும் கண்டறிகின்றனர். இப்பழக்கம் புதிய தொழில்நுட்பத்தின் இயல்பான விளைவு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. அக்கருத்து முழுமையானதன்று என்பதும், ஒலித்தட்டு உரிமை பற்றிய கட்டுப்பாடுகளே நேரடி இசையையும் செவ்வியையும் முன்னிலைக்குக் கொண்டுவந்தன என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடாகும். பிரித்தானியாவின் பீ.பீ.சீ. வானொலியையும் அமெரிக்காவின் சியற்றில் நகரப் பல்கலைக்கழக வானொலி ஒன்றையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இது ஆராயப்படுகின்றது.

1. சுயாதீன இசை என்பது யாது?

சுயாதீன இசை என்னும் தொடர் இன்று ஓர் இசைப்பாணியின் பெயராகவும் வழங்குகின்றது. ஆனால் அதன் மூலப் பொருள் பொருளாதாரஞ் சார்ந்தது. உலக இசை வணிகத்தின் பெரும்பகுதி எப்பொழுதும் ஒருசில பெருநிறுவனங்களின் கையிலேயே இருந்துவந்துள்ளது. 2012 இல் ஈ.எம்.ஐ. நிறுவனம் பிரித்து விற்கப்பட்டதன் பின்னர் யுனிவேர்சல், சோனி, வோணர் ஆகிய மூன்றுமே எஞ்சியுள்ளன. ஒலிப்பதிவுச் செலவு, தட்டு அச்சிடல், விநியோகம், விளம்பரம் ஆகியவற்றுக்கு இத்தகைய நிறுவனங்களைச் சாராது, கலைஞர் தாமாகவோ சிறு நிறுவனங்கள் வாயிலாகவோ வெளியிடும் இசையே சுயாதீன இசையாகும்.

1977 சனவரியில் மன்செஸ்ரர் நகரின் பஸ்கொக்ஸ் குழுவினர் கடன் வாங்கிய பணத்தில் தமது முதற்றட்டைத் தாமே அச்சிட்டு வெளியிட்டமை இவ்வகையில் ஒரு திருப்புமுனையாகக் கொள்ளப்படுகின்றது. முதலில் அச்சிடப்பட்டவை 1,000 பிரதிகளே. தட்டை வெளியிடுதல் எவர்க்கும் இயலும் என்பதை அது காட்டிற்று. 1976 இல் இலண்டனில் ஒரு கடையாகத் தொடங்கிய றஃப் ட்ரேட் 1978 இல் வெளியீட்டு நிறுவனமாகவும் வளர்ந்தது. 1980 சனவரியில் சுயாதீனத் தட்டுகளுக்கெனத் தனியான விற்பனைத் தரவரிசையும் பிரித்தானியாவில் வெளிவரத் தொடங்கிற்று.

ஆயினும், தட்டை அச்சிடுவது ஒன்று. அதனை நேயரின் செவிக்குக் கொண்டுசெல்வது வேறொன்று. விளம்பரத்துக்குப் பணமற்ற தட்டொன்றை, அதனை முன்பின் அறியாத நேயர்க்கு அறிமுகஞ் செய்பவர் யார்? இங்கேதான் வானொலியின் பங்கு தொடங்குகின்றது.

2. ஊசி நேரமும் ஜோன் பீலும்

பிரித்தானிய வானொலியில் நெடுங்காலம் 'ஊசி நேரம்' என்னும் கட்டுப்பாடு நிலவிற்று. ஒலித்தட்டின் மீது ஊசி செல்லும் நேரம் என்பது இத்தொடரின் பொருள். வானொலியில் எந்நேரமும் தட்டுகளை ஒலிக்கவிட்டால் தட்டு விற்பனை குன்றும் என்று ஒலித்தட்டு நிறுவனங்கள் அஞ்சின. வாத்தியக் கலைஞர் வேலையிழப்பர் என்று இசைக்கலைஞர் தொழிற்சங்கம் அஞ்சியது. ஆகவே, பீ.பீ.சீ. தட்டுகளை ஒலிபரப்பக்கூடிய நேரம் உடன்படிக்கைகளால் வரையறுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய நேரத்தை நிரப்புவதற்குக் கலைஞரைத் தனது கலையகத்துக்கு அழைத்துப் புதிதாக இசைக்கச் செய்து ஒலிப்பதிவு செய்வதைத் தவிர அதற்கு வேறு வழியிருக்கவில்லை.

1967 செப்டெம்பர் 30 இல் பீ.பீ.சீ.யின் முதலாம் வானொலிச் சேவை தொடங்கியபொழுது, அதன் அறிவிப்பாளருள் ஒருவராகச் சேர்ந்தவர் ஜோன் பீல். கடலில் நங்கூரமிட்ட கப்பலொன்றிலிருந்து அனுமதியின்றி ஒலிபரப்பிய ரேடியோ லண்டன் நிலையத்தில் அதற்கு முன்னர் பணியாற்றியவர் அவர். 2004 ஒக்ரோபரில் பெரு நாட்டில் இறக்கும்வரை ஏறத்தாழ 37 ஆண்டுகள் அவரது நிகழ்ச்சி அச்சேவையில் தொடர்ந்தது. அந்நிகழ்ச்சிக்கெனக் கலையகத்தில் நடைபெற்ற ஒலிப்பதிவுகள் 4,000 க்கும் மேற்பட்டவை. அவற்றிற் பங்குபற்றிய கலைஞரும் குழுக்களும் 2,000 க்கும் மேலாகும். பொதுவாக ஒரு குழு ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிவுசெய்யும். அவகாசங் குறைவாதலால் அவை செப்பனிடப்பட்ட தட்டுகளைப்போல அமையவில்லை. ஆனால் அக்குழுவின் அன்றைய ஆற்றலை உள்ளவாறே காட்டின.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஊசி நேரக் கட்டுப்பாடு சுயாதீன இசையை வளர்க்கும் நோக்குடன் விதிக்கப்பட்டதன்று. தட்டு நிறுவனங்களின் நலனையும் தொழில்முறை வாத்தியக்காரரின் நலனையும் காப்பதே அதன் நோக்கமாயிருந்தது. ஆனால், தட்டே வெளியிடாத ஓர் இளங்குழு தேசிய வானொலியில் இடம்பெறுவதற்கான வாயிலை அக்கட்டுப்பாடே திறந்துவிட்டது. 1988 இல் ஊசி நேரம் ஒழிக்கப்பட்டபொழுது இவ்வழக்கம் மறைந்திருக்கலாம். அவ்வாறு மறையாமற் பீலின் நிகழ்ச்சியில் நிலைத்தமைக்குக் காரணம், தேவையாற் பிறந்த முறை அதற்குள் தனித்த பெறுமதியுடைய மரபாகிவிட்டமையே.

பீலின் செல்வாக்குக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு 1978 இல் நடந்தது. பெல்பாஸ்ற் நகரில் ரெறி ஹூலி நடத்திய 'குட் வைப்றேஷன்ஸ்' என்னும் சிறு நிறுவனம், டெறி நகர இளைஞரான அண்டர்ரோன்ஸ் குழுவினரின் 'ரீனேஜ் கிக்ஸ்' தட்டை வெளியிட்டது. அதனைப் பீல் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இருமுறை ஒலிக்கவிட்டார். சில நாள்களிலேயே சயர் என்னும் அமெரிக்க நிறுவனம் அக்குழுவுடன் ஒப்பந்தஞ் செய்துகொண்டது. அன்று வட அயர்லாந்து உள்நாட்டு வன்முறையிற் சிக்கியிருந்தது. அத்தகைய சூழலில் இளைஞர் சிலர் பாடிய பாட்டொன்று நாடு முழுவதும் ஒலிப்பதற்கு வேண்டியதாயிருந்தது அதனை விரும்பிக்கேட்ட ஒரு மனிதனும் அவனிடத்தில் நேயர் வைத்திருந்த நம்பிக்கையுமேயாகும்.

3. சியற்றில்: விடுதிக் கூரையில் ஒரு வானொலி

பீ.பீ.சீ. அரச சாசனத்தால் நிறுவப்பட்ட பெரும் நிறுவனம். இதற்கு நேர்மாறான நிலையிலிருந்து வளர்ந்தவை அமெரிக்கப் பல்கலைக்கழக வானொலிகள். அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு 1948 முதல் கல்வி நிறுவனங்களுக்கு 10 உவாற்று வலுவுள்ள சிறு வானொலி நிலையங்களை அமைக்க அனுமதி வழங்கிற்று. ஒரு சிறு மின்குமிழ் நுகரும் வலுவே 10 உவாற்று. அத்தகைய நிலையத்தின் ஒலி வளாகத்தையும் அதன் அயலையும் தாண்டுவது அரிது. செலவு குறைவாயினமையால் நாடெங்கும் மாணவர் இத்தகைய நிலையங்களை நடத்தினர். விளம்பர வருவாயை எதிர்பாராத இவ்வானொலிகள் வணிக வானொலிகள் தொடாத தட்டுகளைத் தயக்கமின்றி ஒலிபரப்பின. 1978 முதல் சீ.எம்.ஜே. என்னும் சஞ்சிகை பல்கலைக்கழக வானொலிகள் எவற்றை ஒலிபரப்புகின்றன என்பதைத் தொகுத்து வெளியிட்டபொழுது, தனித்தனியே இயங்கிய இச்சிறு நிலையங்கள் ஒரு நாடளாவிய வலையமைப்பின் இயல்பைப் பெற்றன. 1981 இல் ஹிப்-ரோன் என்னும் சிறு நிறுவனத்தின் தட்டொன்றின் மூலம் அறிமுகமான ஆர்.ஈ.எம். குழு இவ்வழியாலேயே வளர்ந்தது.

இவ்வகையில் எமக்கு மிகவும் பயன்படும் சான்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே.சீ.எம்.யூ. நிலையமாகும். 1972 இல் அப்பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு மாணவர் நால்வர் அதனைத் தொடங்கினர். அதன் வலு 10 உவாற்று. அதன் அலைக்கம்பம் நின்ற இடம் மாணவர் விடுதியொன்றின் கூரை. 1980களின் தொடக்கத்தில் அதற்கு இரு நெருக்கடிகள் நேர்ந்தன. 10 உவாற்று நிலையங்கள் தமது வலுவை உயர்த்தாவிடில் அலைவரிசைப் பாதுகாப்பை இழக்க நேரிடும் என ஆணைக்குழு 1978 இல் முடிவுசெய்திருந்தது. அத்துடன் 1981 இல் பல்கலைக்கழகத்தின் நிதியும் நின்றது. நிலையம் நேயரின் நன்கொடையை நம்பி வாழத்தொடங்கிற்று, தொண்டர்களே அறிவிப்பாளராயினர், வலுவும் சில நூறு உவாற்றாக உயர்ந்தது. நிதியின்மை என்னும் தடை நேயரையே நிலையத்தின் புரவலர் ஆக்கியது.

அத்தொண்டர்களுள் ஒருவர் புரூஸ் பவிற். ஒலிம்பியா நகரில் மாணவராயிருந்த காலத்திற் சுயாதீன இசைபற்றிய கையடக்கச் சஞ்சிகையொன்றை நடத்தியவர் அவர். பின்னர் சியற்றிலுக்கு வந்து கே.சீ.எம்.யூ.வில் 'சப் பொப் யூ.எஸ்.ஏ.' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். உள்ளூர்க் குழுக்களின் இசையை ஒலிபரப்பிய ஜொனதன் போன்மனும் அதே நிலையத்தின் அறிவிப்பாளரே. கேரளத்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகனும் சௌண்ட்கார்டன் குழுவின் கிற்றார்க் கலைஞருமான கிம் தயில், மட்ஹணி குழுவின் பாடகர் மார்க் ஆர்ம் ஆகியோரும் அங்கே தட்டுச் சுழற்றியவர்களே. பவிற்றும் போன்மனும் இணைந்து நடத்திய சப் பொப் நிறுவனம் 1988 இல் முழுநேர நிறுவனமாயிற்று. வானொலியும், அதில் ஒலித்த குழுக்களும், அவற்றின் தட்டுகளை வெளியிட்ட நிறுவனமும் ஒரே நண்பர் வட்டத்திலிருந்து பிறந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

1988 நவம்பரில் நிர்வாணா குழுவின் முதற்றட்டைச் சப் பொப் வெளியிட்டது. கையால் இலக்கமிடப்பட்ட 1,000 பிரதிகளே அச்சிடப்பட்டன. குழுவின் பாடகர் கேர்ட் கோபேன் அத்தட்டைத் தாமே நிலையத்திற் கொடுத்துவிட்டு வந்ததாகவும், ஊர்திரும்பும் வழியில் பொதுத் தொலைபேசியொன்றிலிருந்து தமது பாட்டையே விரும்பிக்கேட்டு, காரிலிருந்தவாறே அது ஒலிக்கும்வரை காத்திருந்ததாகவும் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர். மூன்றாண்டுகள் கழித்து, 1992 சனவரியில், அதே குழுவின் இரண்டாவது இசைத்தொகுதி அமெரிக்க விற்பனைத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. அத்தொகுதியை வெளியிட்டது பெருநிறுவனம் ஒன்றே. ஆனால் அதற்கு முன்னரே, 1989 முதல் அக்குழு பீலின் நிகழ்ச்சிக்காக இலண்டனில் ஒலிப்பதிவு செய்திருந்தது. விடுதிக் கூரையிலிருந்து தொடங்கிய நிலையமும் பீ.பீ.சீ.யின் கலையகமும் இவ்வாறு ஒரே சங்கிலியின் இரு கணுக்களாயின.

4. யாருடைய வானொலி?

இவ்வெற்றியின் பின்னர் எழுந்த பூசலை ஒதுக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. 1992 இன் பிற்பகுதியில் நிலைய நிருவாகம் தொண்டர்களின் நேரத்தைக் குறைத்து, வெளியிலிருந்து பெற்ற 'வேர்ல்ட் கபே' என்னும் நிகழ்ச்சியைப் புகுத்திற்று. தொண்டர்கள் பலர் இதனை எதிர்த்தனர். நிலையத்தின் கொள்கையை ஒலிவாங்கியின் முன்னே விமர்சித்தல் ஆகாது என்ற விதியை மீறியோர் நீக்கப்பட்டனர். நேயருந் தொண்டருங் கூடி ஓர் இயக்கம் அமைத்தனர், நன்கொடையை நிறுத்தினர், வழக்குத் தொடுத்தனர். பல்கலைக்கழகம் அரச நிறுவனமாதலின் அவ்விதி பேச்சுரிமைக்கு முரணானது என 1994 இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்பூசல் எழுப்பிய வினா இன்றும் பொருளுடையது. நேயரின் பணத்தால் வாழும் நிலையம் யாருக்கு உரியது? தேர்ந்த சிலரின் திறமையான நிருவாகம் பெரிதா, பலரின் ஒழுங்கற்ற ஆர்வம் பெரிதா? நிருவாகத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை எனக் கூறவியலாது. நிலையம் நிலைத்திருக்க வேண்டுமாயின் நேயர் தொகை பெருகவேண்டும். ஆனால், எவர்க்கும் அறிமுகமற்ற தட்டொன்றை ஒலிக்கவிடும் துணிவு பெருந்தொகை நேயரைத் தேடும் நிலையத்திற் குன்றிவிடும் என்ற தொண்டர்களின் அச்சமும் வீணான அச்சமன்று.

5. இணையமும் புதிய தடைகளும்

2000 ஆம் ஆண்டில் இந்நிலையம் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப உதவியுடன், இறுவட்டுக்கு நிகரான தரமுடைய சுருக்கப்படாத ஒலியை இரவுபகலாக இணையத்தில் ஒலிபரப்பத் தொடங்கிற்று. 2001 இல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் இணைத்தாபகர் போல் அலன் அமைத்த இசை நூதனசாலையுடன் கைகோத்து, கே.ஈ.எக்ஸ்.பீ. என்ற புதுப்பெயரும் பெற்றது. அலைக்கம்பத்தின் எல்லை இதனோடு அழிந்தது. சியற்றிலில் ஒலிப்பதை எந்நாட்டவருங் கேட்கலாம் என்னும் நிலை உருவாயிற்று.

நில எல்லை அழிந்த இடத்திற் சட்ட எல்லை எழுந்தது. 1995, 1998 ஆம் ஆண்டுகளின் அமெரிக்கச் சட்டங்கள் இணைய ஒலிபரப்புக்கெனத் தனி விதிகளை வகுத்தன. அவற்றின்படி பொது உரிமத்தின்கீழ் இயங்கும் நிலையம் மூன்று மணி நேரத்துள் ஒரே தொகுதியிலிருந்து மூன்றுக்கு மேற்பட்ட பாட்டுகளையோ ஒரே கலைஞரின் நான்குக்கு மேற்பட்ட பாட்டுகளையோ ஒலிபரப்பலாகாது. ஒலிபரப்பான நிகழ்ச்சியை மீளக் கேட்கும் வசதியளிப்பதாயின், அந்நிகழ்ச்சி ஐந்து மணி நேரத்துக்குக் குறையாததாக இருத்தல் வேண்டும். இரு வாரங்களுக்கு மேல் அதனை வைத்திருத்தலும் ஆகாது. கே.ஈ.எக்ஸ்.பீ. தனது நிகழ்ச்சிகளை இரு வாரங்கள் மீளக்கேட்க வழிசெய்தமை பலராலும் பாராட்டப்பட்டது. அந்த இரு வாரம் என்னும் எல்லை சட்டத்திற் காணப்படும் எல்லையே என்பதைக் கேட்போர் பலர் உணர்ந்திரார்.

இவ்விடத்திலேதான் பொட்காஸ்ட் எனப்படும் வலையொலி பிறக்கின்றது. 2000 இன் இறுதியில் டேவ் வைனர் என்னும் மென்பொருளாளர் செய்தியோடைகளுடன் ஒலிக்கோப்பை இணைத்தனுப்பும் முறையை வகுத்தார். 2001 சனவரியில் அவர் சோதனைக்காக அனுப்பியது ஒரு பாட்டு. ஆனால், 2003 இல் இம்முறையில் முதன்முதலாகத் தொடர்ந்து வெளிவந்தது பாட்டன்று. வானொலிச் செய்தியாளரான கிறிஸ்ரோபர் லைடனின் செவ்விகளே. 2004 பெப்ரவரியில் 'கார்டியன்' இதழில் பென் ஹமஸ்லி எழுதிய கட்டுரையொன்றில் பொட்காஸ்ட் என்ற சொல் தோன்றிற்று. 2005 யூனில் அப்பிள் நிறுவனம் தனது மென்பொருளில் இதற்கு இடமளித்தபின் அது பரவலாயிற்று.

பாட்டிற் சோதிக்கப்பட்ட ஊடகம் பேச்சில் நிலைபெற்றது ஏன்? இதற்கும் உரிமைச் சட்டமே முதன்மைக் காரணமாகும். வானலையில் ஒலிக்கும் பாட்டு காற்றோடு போகின்றது. வலையொலியோ நேயரின் கருவியிற் பிரதியாகத் தங்குகின்றது. பிரதி செய்தலுக்கு இணைய ஒலிபரப்பின் பொது உரிமம் செல்லாது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளரிடத்தும் பாடலாக்கத்தின் உரிமையாளரிடத்தும் தனித்தனியே இசைவு பெறல்வேண்டும். பெருநிறுவனங்களிடத்து இவ்விசைவைப் பெறுதல் செலவும் தாமதமும் மிக்கது. ஆனால் தன் பாட்டைத் தானே எழுதி, தானே ஒலிப்பதிவுசெய்து, உரிமையைத் தன்னிடமே வைத்திருக்கும் சுயாதீனக் கலைஞனோ ஒரு கடிதத்தில் இசைவளிக்கவியலும். பெரியோரின் பாட்டுக்கு அடைபட்டிருந்த வாயில் இவ்வாறு சிறியோரின் பாட்டுக்குத் திறந்தது. கே.ஈ.எக்ஸ்.பீ. நாளுக்கொரு பாட்டை வலையொலியாக வழங்கியதும், கலையகத்தில் நிகழ்ந்த நேரடி இசையைப் பரப்பியதும் இவ்வாயிலைப் பயன்படுத்தியே.

அக்கலையக நிகழ்ச்சிகளின் அமைப்பும் ஊன்றி நோக்கத்தக்கது. பெரும்பாலும் நான்கு பாட்டுகள். இடையே அறிவிப்பாளர் கலைஞருடன் நிகழ்த்தும் செவ்வி. பீலின் கலையகத்திலும் நான்கு பாட்டுகளே பதிவாயின. தட்டை ஒலிக்கவிட இயலாமை அங்கு நேரடி இசையைப் பெற்றெடுத்தது. தட்டைப் பிரதிசெய்து அனுப்ப இயலாமை இங்கு நேரடி இசையோடு உரையாடலையும் பெற்றெடுத்தது. ஒன்றையொன்று பார்த்து அமைக்கப்பட்டவை இவை என வாதிட வேண்டியதில்லை. ஒத்த தடை ஒத்த விளைவைத் தந்தது என்று கொள்வதே பொருந்தும்.

6. செவ்வியின் பணி

செவ்வி வெறும் இடைநிரப்பியன்று. அறிமுகமற்ற இசையைக் கேட்பவனுக்கு அதனைப் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். மரபிசையில் இராகமும் தாளமும் கேட்போனுக்கு முன்னரே பழகியவை, அவை கைப்பிடியாகின்றன. புதுமுயற்சியான இசையில் அத்தகைய பொது அறிவு இல்லை. பாட்டு எவ்விடத்திற் பிறந்தது, எக்கருவியால் அவ்வொலி எழுந்தது, எச்சொல்லில் ஆக்கியோன் தடுமாறினான் என்பவற்றை அவன் வாயாலேயே கேட்கும் நேயர் பாட்டை இரண்டாம் முறை கேட்கையில் வேறொருவராகிவிடுகின்றார்.

அமெரிக்கப் பொது வானொலி வலையமைப்பான என்.பி.ஆர். 2000 இல் தொடங்கிய 'ஓல் சோங்ஸ் கொன்சிடேர்ட்' என்னும் இணைய நிகழ்ச்சியின் பிறப்பும் இதனையே உணர்த்துகின்றது. செய்தி அறிக்கைகளுக்கிடையே ஒலித்த சிறு இசைத்துணுக்குகள் எவருடையவை என நேயர் இடையறாது வினவியமையே அந்நிகழ்ச்சிக்கு வித்திட்டது. அதனை நடத்திய பொப் பொயிலன், இரைச்சல் மிக்க மதுச்சாலையொன்றில் லோறா கிப்சன் என்னும் பாடகியின் மென்குரலைக் கேட்கவியலாது போனமையால், 2008 இல் அவரைத் தமது அலுவலக மேசைக்கே அழைத்துப் பாடச்செய்தார். புகழ்பெற்ற 'ரைனி டெஸ்க்' நிகழ்ச்சி இவ்வாறே தோன்றிற்று. 2014 இல் ரிஷிகேஷ் ஹிர்வே தொடங்கிய 'சோங் எக்ஸ்ப்ளோடர்' என்னும் வலையொலி செவ்வியை மேலும் ஒருபடி கொண்டுசென்றது. அதில் வினாத்தொடுப்பவரின் குரல் பெரும்பாலும் நீக்கப்படுகின்றது. கலைஞர் தமது பாட்டின் பகுதிகளைத் தனித்தனியே ஒலிக்கவிட்டு விளக்கியபின் முழுப்பாட்டும் ஒலிக்கின்றது. ஓர் ஆசிரியர் செய்யுளைப் பதம்பிரித்துக் காட்டிப் பின் முழுமையாக ஓதுவதை இது ஒத்ததாகும்.

செவ்வியின் குறைபாடுகளையும் மறைத்தலாகாது. பாட்டினும் பாடியவரின் வாழ்க்கைக் கதையே முதன்மை பெறும் ஆபத்து இங்குண்டு. நாவன்மை உள்ள கலைஞர் நலம்பெற, பேசத் தயங்கும் கலைஞர் பின்தங்குவர். புதுத்தொகுதி வெளிவரும் வேளையிலேயே செவ்வி நிகழ்வதால் அது விளம்பரமாகச் சுருங்குதலும் உண்டு. மேலும், அறிமுகஞ் செய்வோரின் இரசனை வாயிலைத் திறப்பதுபோலவே அடைக்கவுஞ் செய்யும். ஆங்கிலம் பேசும் ஆடவரின் கிற்றார் இசைக்கே இந்நிலையங்கள் நெடுங்காலம் முதலிடமளித்தன என்ற குற்றச்சாட்டை எளிதில் மறுக்கவியலாது.

எனினும், இவ்வாயில் வழியே எதிர்பாராத குரல்களும் நுழைந்தன. யாழ்ப்பாணத்திற் குழந்தைப்பருவத்தைக் கழித்து, 1986 இல் அகதியாக இலண்டன் மீண்ட மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2003 இல் வெளியிட்ட 'கலாங்' தட்டு முதலில் 500 பிரதிகளே அச்சிடப்பட்டது. இணையக் கோப்புப் பரிமாற்றமும் பல்கலைக்கழக வானொலிகளுமே அப்பாட்டைப் பரப்பின. 2005 இல் அவரது முதல் தொகுதி தந்தையின் பெயரான 'அருளர்' என்ற பெயரோடு ஒரு சுயாதீன நிறுவனத்தின் வாயிலாக வெளிவரும் முன்னரே அவருக்கெனக் கேட்போர் திரண்டிருந்தனர். 500 பிரதிகள் கடைகளில் மாத்திரம் விற்கப்பட்டிருப்பின் அக்குரல் எவ்வளவு தூரஞ் சென்றிருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சுயாதீன இசை கேட்போனைச் சென்றடைந்த வழி தொழில்நுட்பத்தால் மாத்திரம் அமைந்ததன்று என்பது புலனாகும். ஊசி நேரம் கலையக இசையையும், நிதியின்மை நேயர் வானொலியையும், பிரதியுரிமைச் சட்டம் செவ்வியையும் வளர்த்தன. தடைகள் நல்லவை என்பது இதன் பொருளன்று. ஒவ்வொரு தடையின் முன்னரும் மனிதர் சிலர் தமது நேரத்தையும் செவியையும் கொடுத்து மாற்றுவழி கண்டனர் என்பதே இதன் பொருளாகும்.

இன்று தடை வேறு வடிவங் கொண்டுள்ளது. உலகின் இசையெல்லாம் ஒரு கைபேசியில் அடங்கிவிட்டது. எதைக் கேட்கலாம் என்பதை நேயரின் முந்திய பழக்கத்தைக் கணித்து இயந்திரமே பரிந்துரைக்கின்றது. முன்னர் கேட்டதை ஒத்ததையே அது பெரும்பாலும் முன்வைக்கின்றது. ஒரே பாட்டை அடுத்தடுத்து இருமுறை ஒலிக்கவிடும் வியப்பு அதற்கு வாராது. வானொலி வலையொலிகள் இன்னும் நாடப்படுவதற்குக் காரணம், இதனைக் கேட்டு நான் வியந்தேன், நீரும் கேளும் என்று சொல்லும் ஒரு மனிதக் குரலுக்கான வேட்கையே எனலாம்.

இன்னொன்றும் கருதற்பாலது. பீலின் தொடக்ககால ஒலிப்பதிவுகள் பல பீ.பீ.சீ.யினால் அழிக்கப்பட்டன, அவற்றுட் சில, நேயர் தம் வீட்டு ஒலிநாடாக்களிற் பதிந்து வைத்தமையாலேயே இன்று கேட்கக் கிடைக்கின்றன. மாறாக, 2024 இல் கே.ஈ.எக்ஸ்.பீ. கோபேன் தம் கைப்பட எழுதிய விருப்பத் தொகுதிகள் ஐம்பதின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு ஒரு வலையொலித் தொடரை வெளியிட்டது. ஓர் இளைஞன் எவற்றைக் கேட்டு வளர்ந்தான் என்னும் குறிப்புக்கூட வரலாற்று ஆவணமாகக்கூடும் என்பதை அது காட்டுகின்றது.

கே.சீ.எம்.யூ.வைத் தொடங்கியவர்கள் எம்மைப் போன்ற மாணவர் நால்வரே. அவர்களிடமிருந்தது ஒரு மின்குமிழின் வலு மாத்திரமே. ஈழத்துப் பொப்பிசையும் மெல்லிசையும் 1970களில் கொழும்பு வானொலி வாயிலாக வீடுதோறும் ஒலித்த காலத்தில் பாடியோரும் இசையமைத்தோரும் வாத்தியம் வாசித்தோரும் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஏ. ஈ. மனோகரன் 2018 இல் மறைந்துவிட்டார். எஞ்சியோரிடம் சென்று, அப்பாட்டுகள் எவ்வாறு பிறந்தன என்று கேட்டுப் பதிவுசெய்வதற்கு இன்று அலைக்கம்பமும் வேண்டியதில்லை, அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்று ஓராண்டிற் பத்துச் செவ்விகளையேனும் பதிந்து பேணுமாயின், பின்வரும் வரலாற்று மாணவன் அதற்குக் கடப்பாடுடையவனாவான்.